நான் தவறாக நடத்திய ஒரு பாடம்

வழக்கம்போல நீளமான பதிவுதான். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. ஏதாவது ஒரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தாலோ, உள்நாட்டுச் சண்டை மூண்டாலோ, பக்கத்து நாட்டின் மேல் பாய்ந்தாலோ, வல்லரசுகள் பொருளாதாரத் தடை போடுகின்றனவே, அது சரியா என்று. அமைதி திரும்ப வேண்டும், நிலையான ஆட்சி வர வேண்டும் என்பதற்காகத்தானே போடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். 1991இல் பத்தாம் வகுப்பு முடித்த இன்னொருவர் இப்படி எழுதினார்: "குண்டு போடுவதைவிட இது எவ்வளவோ மேல். நம்ம சாரே வகுப்பில் சொல்லியிருக்கார்." கீழே பன்னிரண்டு பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள்.

சொன்னது உண்மைதான். ஐ.நா. சபை பாடம் நடத்தியபோது கரும்பலகையில் ஓர் ஏணி வரைந்தேன். முதல் படி பேச்சுவார்த்தை, இரண்டாம் படி பொருளாதாரத் தடை, மூன்றாம் படி போர். இரண்டாம் படியைச் சுண்ணக்கட்டியால் தட்டிக் காட்டி, "இது யாரும் சாகாத படி" என்று சொன்னேன். அந்தச் சமயத்தில் வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. தினமும் செய்தியில் குண்டு விழும் படம். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று சொன்னதுதான். ஆனால் அது தவறான பாடம். அதைவிட சங்கடமான விஷயம், ஏழெட்டு வருஷம் கழித்து நான் அதற்கு நேர்மாறாக இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் தவறு. இரண்டையும் இந்தப் பதிவில் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இராக்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு தேசத்தின் மேல் முழுமையான தடை என்றால் என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. பதிமூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீடித்தது. இப்போது எல்லாக் கணக்கும் வெளியே வந்துவிட்டது.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி சதாம் ஹுசைன் படை குவைத்துக்குள் புகுந்தது. நம் ஊர்ப் பக்கம் குவைத் சம்பாத்தியத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர். பாதிச் சுவர் எழும்பி நின்றுபோன வீடுகள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அம்மான் விமான நிலையத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா அப்படி வந்தவர். உடுத்திய துணியோடு வந்தார். அதனால் சதாமுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும் என்பதில் அன்று எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இன்றும் இல்லை. அந்தப் படையெடுப்பை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை.

நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 661ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. 13 நாடுகள் ஆதரவு. கியூபாவும் ஏமனும் வாக்களிக்கவில்லை. இராக்கிலிருந்து எதையும் வாங்கக் கூடாது, இராக்குக்கு எதையும் விற்கக் கூடாது, பணமும் போகக் கூடாது. மருந்துக்கு மட்டும் விலக்கு. உணவுக்கு, "மனிதாபிமானச் சூழ்நிலைகளில்" என்ற நிபந்தனையோடு ஒரு விலக்கு. குவைத்தை விட்டு இராக் வெளியேற வேண்டும் என்பதே நோக்கம். 1991 பிப்ரவரி கடைசியில் வெளியேற்றியும் ஆகிவிட்டது. அதோடு தடை முடிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 3ஆம் தேதி 687ஆம் தீர்மானம் வந்தது. பேரழிவு ஆயுதங்களை ஒழித்தால்தான் தடை நீங்கும் என்றது. அந்தப் பகுதியில் அமைதியும் பாதுகாப்பும் திரும்ப வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். அப்போது கவுன்சிலில் நம் நாடும் உறுப்பினர். ஆதரித்துத்தான் வாக்களித்தோம். அமெரிக்கக்காரன் செய்தான் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இராக்கின் நிலைமை என்ன? ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எண்ணெய். சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு இறக்குமதி. எண்ணெயை விற்கக் கூடாது என்றால் கோதுமை வாங்கக் காசு கிடையாது. உணவுக்கு விலக்கு உண்டு என்று தாளில் எழுதியிருந்ததற்கு என்ன பொருள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கடை திறந்திருக்கிறது, நம் சட்டைப்பையைத் தைத்துவிட்டார்கள்.

இதற்கு மேல், போரில் மின் நிலையங்கள் நொறுங்கியிருந்தன. மின்சாரம் இல்லாவிட்டால் குடிநீர் சுத்திகரிப்பு இல்லை, கழிவுநீர் பம்ப் ஓடாது. 1991 மார்ச்சில் ஐ.நா. அனுப்பிய மார்ட்டி அஹ்திசாரி (பின்னாளில் ஃபின்லாந்தின் ஜனாதிபதி ஆனவர், நோபல் அமைதிப் பரிசும் பெற்றவர்) போய்ப் பார்த்துவிட்டு, இந்த நாடு தொழில் யுகத்துக்கு முந்தைய காலத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்ற பொருள்பட அறிக்கை கொடுத்தார். அந்த நிலையில் இருந்த நாட்டின் மேல்தான் தடை தொடர்ந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அதற்கு நம் ஊர் ரேஷன் கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தடை வந்த அடுத்த மாதமே, 1990 செப்டம்பரில், சதாம் அரசு நாடு முழுக்க ரேஷன் முறையைக் கொண்டுவந்தது. மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, சமையல் எண்ணெய், பருப்பு, குழந்தைகளுக்குப் பால் பவுடர், சோப்பு. தெருவுக்குத் தெரு பலசரக்குக் கடைக்காரர்களையே முகவர்களாகப் போட்டார்கள். அந்த விநியோகத்தை மிகத் திறமையாக நடத்தினார்கள் என்று ஐ.நா. அதிகாரிகளே பாராட்டியிருக்கிறார்கள். அந்த மாவு இல்லாவிட்டால் பெரும் பஞ்சம் வந்திருக்கும். அதுவரைக்கும் நல்லதுதான்.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அதற்கு முன்னால் ஒரு பாக்தாத் குடும்பத்துக்கு அரசாங்கத்தின் தயவு எவ்வளவு வேண்டியிருந்தது? உத்தியோகம், கடை, நிலம் என்று ஆளுக்கொரு பிழைப்பு இருந்தது. தடைக்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமும், எத்தனை தலை, என்ன பெயர், எந்தத் தெரு என்ற விவரத்தோடு அரசாங்கத்தின் பட்டியலுக்குள் வந்துவிட்டது. ஜனங்களில் பத்துக்கு ஆறு பேர் அந்த ரேஷனை மட்டுமே நம்பி இருந்தார்கள் என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது. மாவு கொடுக்கிற கையை யார் கடிப்பார்கள்? சதாமை பலவீனப்படுத்தப் போட்ட தடை, நாட்டின் அடுப்படிச் சாவியையே எடுத்து அவர் கையில் கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. "ஜனங்களுக்குக் கஷ்டம் வந்தால் எழுந்து ஆட்சியைத் தூக்கி எறிவார்கள்" என்பதுதான் இந்த வைத்தியத்தின் தத்துவம். ஆனால் இராக்கியர்கள் எழவில்லையா? 1991 மார்ச்சில் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் எழுந்தார்கள். 18 மாகாணங்களில் 14 அரசின் கையை விட்டுப் போயின. பட்டினி போட்டு எழுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் எழுந்தார்கள். எழச் சொன்ன அமெரிக்கா கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சதாமின் ஹெலிகாப்டர்கள் அவர்களைச் சுட்டுத் தள்ளின. அதற்குப் பிறகு எஞ்சியிருந்த அதே ஜனங்களைத்தான் இன்னும் பன்னிரண்டு வருஷம் தடையில் வைத்தார்கள்.

இப்போது வாத்தியார்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

எழுபதுகளில் இராக் கல்விக்குக் கொட்டிய பணம் கொஞ்சமல்ல. 1978 கடைசியில் கட்டாய எழுத்தறிவு இயக்கம் தொடங்கினார்கள். வயதானவர்களையும் பிடித்து உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். யுனெஸ்கோ அதற்குப் பரிசு கொடுத்தது. பெண்கள் ஏராளமாகப் படித்து டாக்டராகவும் ஆசிரியராகவும் வந்த அரபு நாடு அது. சர்வாதிகாரி ஆட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் நடந்தது.

தடைக்கு முன் அரசு கணக்கில் ஒரு தினார் மூன்று டாலருக்கு மேல். 1995 முடிவில் வெளிச்சந்தையில் ஒரு டாலர் சுமார் 3,000 தினார். ஆசிரியரின் மாதச் சம்பளம் டாலர் கணக்கில் இரண்டு, மூன்று, நான்கு என்று விழுந்துவிட்டது. ஒன்றிரண்டு தட்டு முட்டை வாங்கினால் சம்பளம் தீர்ந்தது. ஆசிரியர்கள் பள்ளி விட்டதும் டாக்ஸி ஓட்டப் போனார்கள். சிலர் பள்ளிக்கே வராமல் ஓட்டினார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள், உடைந்த ஜன்னல் உடைந்தபடியே இருந்தது. பாக்தாத்தில் முத்தனப்பி தெரு என்று ஒன்று உண்டு. பத்தாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் பெயரில் அமைந்த புத்தகக் கடைத் தெரு. வெள்ளிக்கிழமைதோறும் பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் தங்கள் வீட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து நடைபாதையில் பரப்பி விற்றார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது. என் வீட்டு அலமாரியைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதை எழுதும்போது நின்றுவிட்டேன் என்று புரியும்.

வழி இருந்தவர்கள் அம்மானுக்கும் லண்டனுக்கும் போனார்கள். வழி இல்லாதவர்கள் இருந்தார்கள். யார் பணக்காரர் ஆனார்கள் தெரியுமா? எல்லை தாண்டி எண்ணெய் கடத்தியவர்கள், அதற்கு அனுமதிச் சீட்டு கொடுத்தவர்கள், சதாமின் பிள்ளைகளைச் சுற்றி இருந்தவர்கள். உள்நாட்டில் கட்டுப்பாட்டைக் காப்பாற்றப் பழங்குடித் தலைவர்களைச் சதாம் மறுபடி கூப்பிட்டு அதிகாரம் கொடுத்தார். ஒரு நாட்டில் நிலைத்தன்மை என்று எதைச் சொல்கிறோம்? சம்பளத்தில் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, நாளைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்புகிற நடுத்தர மக்கள் கூட்டம்தான் அது. 2003இல் சதாம் விழுந்தபோது அலுவலகங்களையும் மருத்துவமனைகளையும் மியூசியத்தையும் ஜனங்களே சூறையாடினார்களே, தொலைக்காட்சியில் பார்த்தோமே. "இவர்கள் என்ன மனிதர்கள்" என்று என் மனைவி கேட்டாள். படையெடுப்பு செய்த பாவம் அதில் பெரிது. ஆனால் தடுத்து நிறுத்தியிருக்கக் கூடிய ஆட்கள் பன்னிரண்டு வருஷத்தில் தேய்ந்து போயிருந்தார்கள் என்பதும் அதில் ஒரு பங்கு.

சரி, எண்ணெய்க்கு உணவுத் திட்டம் என்று ஒன்று இருந்ததே என்று சிலர் கேட்பீர்கள். இருந்தது. 1991லேயே குறிப்பிட்ட அளவு எண்ணெய் விற்று உணவு வாங்கிக்கொள்ள ஐ.நா. முன்வந்தது. சதாம் அது தன் இறையாண்மைக்கு இழுக்கு என்று மறுத்தார். அந்த ஐந்து வருஷப் பட்டினியில் சதாமின் பங்கு பெரியது. அதை மறைக்கக் கூடாது. ஒருவழியாக ஒப்புக்கொண்டு 1996 டிசம்பரில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. முதலில் ஆறு மாதத்துக்கு 200 கோடி டாலர் என்று உச்சவரம்பு. அதில் 30 சதவீதம் குவைத் போர் நஷ்டஈட்டுக்குப் போனது. ஐ.நா. செலவும் அதிலேயே. மீதியை இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்களுக்குப் பிரித்துப் பாருங்கள். கணக்கு வாத்தியாரைக் கூப்பிட வேண்டாம், நீங்களே போட்டுவிடலாம்.

அந்தப் பணத்திலும் நினைத்ததை வாங்க முடியாது. பாதுகாப்பு கவுன்சிலின் 15 உறுப்பு நாடுகளும் அடங்கிய ஒரு குழு இருந்தது. 661 கமிட்டி என்பார்கள். மூடிய கதவுக்குள் கூடும். ஒரே ஒரு நாடு "நிறுத்தி வை" என்றாலும் அந்த ஒப்பந்தம் நின்றுவிடும். எத்தனை மாதமானாலும் சரி. பெரும்பாலும் நிறுத்தியது அமெரிக்கா, சில சமயம் பிரிட்டன். ராணுவத்துக்கும் பயன்படலாம் என்பது காரணம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் குளோரினில் விஷவாயு செய்யலாம். பம்ப், குழாய், ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு ராணுவ உபயோகத்தைச் சொல்லிவிடலாம். பென்சில் முனையில் கிராஃபைட் இருக்கிறது என்று பென்சிலைக்கூடத் தடுத்தார்கள் என்று அன்று பத்திரிகைகளில் வந்தது. நானும் வகுப்பில் பென்சிலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். இன்று அதைச் சாட்சியாக வைக்கவில்லை. குளோரினே போதும். 2002 வாக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒப்பந்தங்களின் மதிப்பு 500 கோடி டாலரைத் தாண்டியது.

இந்தத் திட்டத்தை நடத்தவே பாக்தாதுக்கு அனுப்பப்பட்ட அயர்லாந்துக்காரர் டெனிஸ் ஹாலிடே, ஐ.நா.வில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், 1998இல் ராஜினாமா செய்தார். ஒரு சமூகத்தையே அழிக்கும் வேலை இது, இதை நான் நடத்த மாட்டேன் என்பது அவர் நிலை. அவர் இடத்துக்கு வந்த ஜெர்மானியர் ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக்கும் 2000இல் ராஜினாமா. உலக உணவுத் திட்டத்தின் இராக் பொறுப்பாளராக இருந்த அம்மையாரும் அதே சமயம் விலகினார். பென்ஷன் வாங்குகிற வயதில் இருப்பவர்கள் இப்படிச் செய்வது எவ்வளவு அபூர்வம் என்று அரசுப் பணியில் இருந்த எனக்குத் தெரியும்.

இனி இரண்டாவது தவறு.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு விஷயம் தெரிய வந்தது. பத்திரிகையில் படித்தேன், கோபம் வந்தது. கரும்பலகை ஏணியை மறந்துவிட்டு, வகுப்பில் "தடையால் இராக்கில் 5 லட்சம் குழந்தைகள் செத்துவிட்டன" என்று சொல்லத் தொடங்கினேன். 1998, 99, 2000 வருஷத்துப் பிள்ளைகளுக்கு இது ஞாபகம் இருக்கும். அமெரிக்காவின் மேடலின் ஆல்பிரைட்டிடம் 1996இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இந்த எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்டார்கள். கடினமான முடிவுதான், ஆனாலும் அந்த விலை கொடுக்கத் தகும் என்று பதில் சொன்னார். பிறகு அப்படிச் சொன்னதற்கு வருந்தினார் என்பதும் உண்மை. அந்தப் பதிலைக் கேட்ட யாருக்கும் ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதித்தது.

ஆனால் அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? 1995இல் பாக்தாதில் எடுத்த ஒரு சர்வேயை வைத்து லான்செட் மருத்துவ இதழில் ஐந்து லட்சத்துக்கு மேல் என்று மதிப்பீடு வந்தது. மறுபடி சரிபார்க்கப் போனபோது பல மரணங்கள் ஊர்ஜிதமாகவில்லை. எழுதியவரே அதைப் பின்வாங்கிக்கொண்டார். 1999இல் யுனிசெஃப், இராக் சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து பெரிய சர்வே எடுத்தது. அதுவும் ஐந்து லட்சம் என்று முடிந்தது. 2003க்குப் பிறகு, சதாம் போன பின்னால், மூன்று பெரிய சர்வேக்கள் நடந்தன. அதே பழைய வருஷங்களைப் பற்றியும் தாய்மார்களிடம் கேட்டார்கள். 1991க்குப் பிறகு குழந்தை மரணம் இரட்டிப்பானதற்கான அடையாளமே அவற்றில் இல்லை. லண்டன் ஆய்வாளர்கள் இருவர் 2017இல் ஒரு மருத்துவ இதழில் இதை எல்லாம் ஒப்பிட்டு எழுதினார்கள். சதாம் அரசு கணக்கைத் திரித்து உலகத்தை ஏமாற்றியது என்பது அவர்கள் முடிவு.

இதைப் படித்தபோது முதலில் நம்பப் பிடிக்கவில்லை. பிறகு நான் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போன நாட்களை நினைத்துப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும், வாத்தியார்தான் எல்லாக் கணக்கெடுப்புக்கும் போக வேண்டும். ஒரு வீட்டில் போய் நின்று, "எத்தனை பேர்" என்று கேட்டால், நம் கையில் இருப்பது ரேஷன் கார்டு ஃபாரமா, வரி நோட்டீஸா என்று பார்த்துத்தான் பதில் வரும். ஒரு வீட்டில் செத்துப்போன பாட்டியை எனக்கு எதிரிலேயே உயிரோடு எண்ணிக் கொடுத்தார்கள். சர்வாதிகாரியின் சுகாதார அமைச்சக ஊழியர் வந்து, உலகம் முழுக்கக் காட்டப் போகிற கணக்குக்காக, "உங்கள் வீட்டில் குழந்தை இறந்ததா" என்று கேட்டால்? அல்லது வீட்டுக்கே போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பினால்? எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக் கட்டுரையே தேவைப்பட்டிருக்கக் கூடாது.

ஆக, 1998 முதல் என் வகுப்பில் இருந்தவர்கள் அந்த ஐந்து லட்சத்தை அடித்துவிடுங்கள். பிள்ளைகள் சாகவில்லை என்று நான் சொல்லவில்லை. கெட்ட தண்ணீரிலும் மருந்துத் தட்டுப்பாட்டிலும் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் உண்டு. அந்த எண்ணிக்கை பொய் என்கிறேன். அந்தப் பொய்யில் இரண்டு பக்கமும் குளிர் காய்ந்தது. சதாமுக்கு உலகத்தின் அனுதாபம் கிடைத்தது. அது கலைந்த பிறகு தடையை ஆதரித்தவர்களுக்கு, "பார்த்தீர்களா, தடை ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்ல வசதியாகிவிட்டது. நான் மேலே சொன்ன ரேஷன் பட்டியலும், இரண்டு டாலர் சம்பளமும், முத்தனப்பி தெருவும் அந்தச் சண்டையில் காணாமல் போயின. அவற்றுக்கு எந்தச் சர்வேயும் தேவையில்லை.

தடை ஒரு பயனும் தரவில்லையா என்று கேட்டால், தந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மூன்றாவது முறையும் தவறான பாடம் ஆகிவிடும். 2003 படையெடுப்புக்குப் பிறகு அமெரிக்காவே அனுப்பிய குழு சல்லடை போட்டுத் தேடியது. பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் இல்லை. ஐ.நா. ஆய்வாளர்கள் தொண்ணூறுகளிலேயே பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள், ஆயுதச் சாமான் வரத்துக்கான தடை மீண்டும் கட்டவிடாமல் செய்தது. அதாவது ஆயுதத்தை நிறுத்தும் தடை வேலை செய்தது. கோதுமையையும் குளோரினையும் நிறுத்தியது அதற்குத் தேவைப்படவில்லை.

வேலை செய்தது என்று தெரிந்தாவது நீக்கினார்களா? அதுவும் இல்லை. ஆயுதத்தை ஒழித்தால் தடை நீங்கும் என்று தீர்மானத்தில் எழுதியிருந்தது. ஆனால் சதாம் இருக்கும்வரை தடையும் இருக்கும் என்று 1991லேயே ஜனாதிபதி புஷ் சொன்னார். 1997இல் ஆல்பிரைட்டும் ஒரு பல்கலைக்கழகப் பேச்சில் அதே தொனியில் பேசினார். ஒரு பையனிடம், "வீட்டுப்பாடம் எழுதினால் பெஞ்சிலிருந்து இறங்கலாம்" என்று சொல்லிவிட்டு, எழுதி முடித்ததும், "நீ இந்தப் பள்ளியை விட்டே போகிற வரைக்கும் நில்" என்றால், அவன் எதற்கு எழுதப் போகிறான்? (பெஞ்சில் ஏற்றியதற்கும் இந்த இடத்தில் மன்னிப்பு. அது வேறு பதிவு.)

தென்னாப்பிரிக்காவைச் சொல்வீர்கள் என்று தெரியும். நானும் அதைத்தான் வகுப்பில் உதாரணமாகச் சொன்னேன். 1946லேயே முதலில் வணிகத்தை நிறுத்தியது இந்தியா. நமக்குப் பெருமைதான். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் நாட்டுப் பொருளை வாங்காதீர்கள் என்று 1959இல் உலகத்தைக் கேட்டுக்கொண்டவர் ஆல்பர்ட் லுத்துலி. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர். மண்டேலா 1990இல் சிறையிலிருந்து வெளியே வந்ததும், இன்னும் தடையை எடுக்க வேண்டாம் என்றார். கஷ்டம் யாருக்கோ, முடிவு யாருடையதோ என்றில்லாமல், கஷ்டப்படுபவர்களே கேட்ட தடை. வெள்ளை முதலாளிகளுக்கு ஓட்டும் இருந்தது, அவர்களுக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிகள் 1985இல் கையை விரித்தபோது அவர்கள் அரசை நெருக்கவும் முடிந்தது. இராக்கில் மாவுக்கு வரிசையில் நின்றவருக்கு யாரை நெருக்க முடியும்?

நம் மேலேயும் 1998 மே மாதம் தடை போட்டார்கள், பொக்ரான் வெடித்த பிறகு. இராக்கோடு ஒப்பிட்டால் அது கொசுக்கடி. அதற்கே நாம் என்ன செய்தோம் என்று நினைவிருக்கிறதா? ஒருவர்கூட, "ஐயோ, நம் அரசு தப்பு செய்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லவில்லை. டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்தினோம். அணுகுண்டு கூடாது என்று பேசிய என்னைத்தான் முறைத்தார்கள்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது, நாட்டை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் குறிவைத்துத் தடை போடுகிறார்கள் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ஓரளவு உண்மை. தளபதியின் வங்கிக் கணக்கை முடக்குவது, அமைச்சருக்கு விசா மறுப்பது, ஆயுத விற்பனையை நிறுத்துவது. இராக் அனுபவத்துக்குப் பிறகுதான் இந்த யோசனை வலுப்பட்டது. நானும் இதை ஏற்கிறேன். ஆனால் நம் மாணவி ஒருத்தி சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கிக்காக இந்தத் தடைப் பட்டியலோடு பெயர்களைச் சரிபார்க்கும் வேலை செய்கிறாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்: "சந்தேகம் வந்தா நிறுத்திடுவோம் சார். மருந்துக்கு விலக்கு இருக்குன்னு தெரியும். ஆனா அனுமதிச்சு தப்பாச்சுன்னா கோடிக்கணக்கில அபராதம். நிறுத்தினா யாரும் கேக்க மாட்டாங்க." 661 கமிட்டி கலைந்துவிட்டது. அந்த வேலை இப்போது ஆயிரம் கம்ப்யூட்டர்களில் நடக்கிறது. அவள் மேல் தப்பில்லை, அவளுக்கு ஈ.எம்.ஐ. இருக்கிறது.

குழுவில் என்னை மேற்கோள் காட்டிய தம்பிக்கு: நீ சொன்னது சரி, நான் சொன்னது தவறு. தடையே கூடாது என்று இன்றும் நான் சொல்லவில்லை. அடுத்த முறை செய்தியில் ஒரு நாட்டின் மேல் தடை என்று வந்தால், எதை நிறுத்துகிறார்கள், ஆயுதத்தையா ஆகாரத்தையா என்று பார். அந்த நாட்டு ஜனங்கள் அதைக் கேட்டார்களா என்று பார். எதைச் செய்தால் நீக்குவார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்களா, எழுதியபடி நீக்குவார்களா என்று பார். அங்கே ஒரு வாத்தியார் சம்பளத்துக்கு என்ன வாங்க முடிகிறது என்று எங்காவது தகவல் கிடைத்தால் எனக்கும் அனுப்பு.

குவைத்திலிருந்து அப்பா திரும்பி வந்த பையன், இப்போது பஹ்ரைனில் இருப்பவன், இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன். உன் அப்பா அம்மானுக்குப் போகும் வழியில் பாக்தாதைத் தாண்டித்தான் வந்தேன், அங்கே ஒரு கடைக்காரர் காசு வாங்காமல் ரொட்டி கொடுத்தார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை முழுசாகக் கேட்டு எழுதிப் போடு. அவருக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே கேள்.